பழைய ஆம்னி வேனில் கதவுப் பூட்டு மக்கர் செய்கிறதா? புதுப் பூட்டு வாங்கும் முன் இதைப் படியுங்கள்

மாருதி ஆம்னி தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டது. அதனால் இன்று ரோட்டில் ஓடும் ஆம்னி எல்லாமே பழைய வண்டிதான். எஞ்சினும் கியர் பாக்ஸும் எப்படியோ தாக்குப்பிடிக்கின்றன, கதவுகள்தான் முதலில் தொல்லை கொடுக்கின்றன. சாவி திரும்பாது. வெளி ஹேண்டிலை இழுத்தால் லொடலொடவென்று சும்மா வரும். எல்லாவற்றையும் விட மோசம், ஸ்லைடிங் கதவு மூடியது போலவே தெரியும், வளைவில் தானாக நகர ஆரம்பிக்கும்.

என் வண்டியில் டிரைவர் பக்கக் கதவு பூட்டாமல் போனபோது, ஒரு ஒர்க்‌ஷாப்பில் கதவைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் "லாக் செட்டையே மாத்தணும்" என்றார்கள். உள்ளே உடைந்திருந்தது ஒரு சின்ன பிளாஸ்டிக் கிளிப். அது தெரிய வருவதற்குள் நிறைய அலைந்துவிட்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். புதிதாகப் பழைய வேன் வாங்கியவர்கள், ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள்கூட முதல் மூன்று படிகளைத் தாங்களே செய்துவிடலாம். அதற்கு மேல் மெக்கானிக்கிடம் போனாலும், எது கெட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டு போவீர்கள்.

1. "பூட்டு" என்பது ஒரே பொருள் இல்லை

கதவைப் பூட்டவும் திறக்கவும் நான்கு பாகங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. சாவி நுழையும் சிலிண்டர் ஒன்று. வெளியிலும் உள்ளேயும் இருக்கும் ஹேண்டில்கள் இரண்டாவது. கதவின் ஓரத்தில் பதிந்திருக்கும் லாட்ச் மூன்றாவது, உண்மையில் கதவைப் பிடித்து நிறுத்துவது இதுதான். நான்காவது, வண்டியின் பாடியில் திருகப்பட்டிருக்கும் ஸ்ட்ரைக்கர். லாட்ச் போய்க் கவ்வுவது இதைத்தான். சிலிண்டரையும் ஹேண்டிலையும் லாட்ச்சோடு இணைப்பவை மெல்லிய கம்பிகள், அதாவது ராடுகள். ஒவ்வொரு ராடின் நுனியையும் ஒரு பிளாஸ்டிக் கிளிப் பிடித்துக்கொண்டிருக்கும்.

கடைக்காரரிடம் "டோர் லாக்" என்று மட்டும் சொன்னால் ஒருவர் லாட்ச்சை எடுத்துக் கொடுப்பார், இன்னொருவர் சாவியோடு சிலிண்டர் செட்டைக் கொடுப்பார். எது வேண்டும் என்பதை நீங்கள் சொன்னால்தான் உண்டு.

2. அறிகுறியை வைத்துக் கண்டுபிடிப்பது

சாவி நுழையவே சிரமப்படுகிறது, அல்லது நுழைந்தும் திரும்பவில்லை என்றால் சிலிண்டரைப் பாருங்கள். அதற்கும் முன்னால் சாவியைப் பாருங்கள். பழைய வண்டிகளில் கையில் இருப்பது பெரும்பாலும் நகலின் நகல், பற்கள் தேய்ந்து வழவழவென்று இருக்கும். வீட்டில் எங்காவது அதிகம் புழங்காத இன்னொரு சாவி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். அதில் சுலபமாகத் திரும்பினால் பூட்டில் குறை எதுவும் இல்லை. அந்த நல்ல சாவியைக் கொடுத்து நகல் எடுத்தால் போதும்.

சாவி சுலபமாகத் திரும்புகிறது, ஆனால் எதுவும் நடக்கவில்லை என்றால் ராடு கழன்றிருக்கிறது அல்லது கிளிப் உடைந்திருக்கிறது. சிலிண்டரின் வால் பகுதி முறிந்திருக்கவும் கூடும். பழைய ஆம்னியில் இந்தக் கிளிப் விவகாரம் மிகச் சாதாரணம். வருடக்கணக்காக வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் தொட்டாலே நொறுங்கும்.

உள்ளிருந்து திறக்கிறது, வெளியிலிருந்து திறக்கவில்லை என்றால் வெளி ஹேண்டில் அல்லது அதன் ராடு. வெளியிலிருந்து திறக்கிறது, உள்ளிருந்து இல்லை என்றால் உள் ஹேண்டில் பக்கம். இரண்டு பக்கமும் திறக்கவில்லை என்றால்தான் லாட்ச்சைச் சந்தேகப்பட வேண்டும்.

கதவு மூடவே மாட்டேன் என்கிறது, அடித்துச் சாத்தினாலும் திரும்பி வருகிறது என்றால் ஒரு சோதனை இருக்கிறது. காசில்லாத சோதனை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கதவைத் திறந்து வையுங்கள். கதவின் ஓரத்தில் லாட்ச்சின் வாய் தெரியும். ஸ்க்ரூடிரைவரின் தண்டை, ஸ்ட்ரைக்கர் நுழையும் திசையிலேயே உள்ளே அழுத்துங்கள். லாட்ச்சின் நாக்கு சுழன்று "டிக்" என்று ஒரு சத்தம் வரும், இன்னும் அழுத்தினால் இரண்டாவது "டிக்". இப்போது வெளி ஹேண்டிலை இழுங்கள், நாக்கு பட்டென்று விடுபட வேண்டும். மறுபடி அழுத்தி, உள் ஹேண்டிலால் விடுவித்துப் பாருங்கள். மறுபடி அழுத்தி, சாவியால் பூட்டி, ஹேண்டிலை இழுங்கள். இப்போது நாக்கு விடக்கூடாது. இதெல்லாம் சரியாக நடந்தால் லாட்ச்சும் ராடுகளும் நன்றாக இருக்கின்றன, கோளாறு ஸ்ட்ரைக்கரிலோ கீலிலோதான். பாதி அழுத்தத்தில் நாக்கு சிக்கிக்கொள்கிறது, மந்தமாகத் திரும்புகிறது என்றால் லாட்ச்சுக்குள் பிசுக்கும் துருவும் சேர்ந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சோதனை முடிந்ததும் ஹேண்டிலை இழுத்து நாக்கைத் திறந்த நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். மூடிய நாக்கோடு கதவை அடித்தால் அது நேராக ஸ்ட்ரைக்கரில் மோதி, நல்ல லாட்ச்சும் வளைந்துவிடும்.

கீல் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, முன்கதவைப் பாதி திறந்து அதன் கடைசி ஓரத்தைப் பிடித்து மேலே தூக்குங்கள். கதவு மேலும் கீழும் ஆடினால் கீல் பின் தேய்ந்து கதவு தொங்கியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எத்தனை புது லாட்ச் போட்டாலும் மூடாது. கீல் வேலைக்குப் பூட்டுக் கடைக்குப் போகாதீர்கள், டிங்கரிங் பட்டறைக்குப் போங்கள்.

3. ஸ்லைடிங் கதவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்

முன்கதவு பூட்டாவிட்டால் திருட்டு பயம் மட்டும்தான். ஸ்லைடிங் கதவு சரியாகக் கவ்வாவிட்டால் உயிர் பயம். ஆம்னியில் குழந்தைகளும் பெரியவர்களும் அந்தக் கதவில் சாய்ந்துதான் உட்காருகிறார்கள். பள்ளிக்கூட டிரிப் அடிக்கும் வண்டியாக இருந்தால் இது சரியாகும் வரை ஆள் ஏற்றாதீர்கள். கயிறு கட்டி ஓட்டுவதும் வேண்டாம், விபத்து என்று வந்தால் உள்ளே இருப்பவர்கள் வெளியே வர முடியாது.

இந்தக் கதவில் பெரும்பாலான கோளாறுகள் பூட்டில் இருப்பதில்லை, ரோலரில் இருக்கின்றன. கதவு மேல், நடு, கீழ் என்று தண்டவாளங்களில் ஓடுகிறது. ரோலர் தேய்ந்தால் கதவு சில மில்லிமீட்டர் கீழே இறங்கும். உடனே லாட்ச்சின் வாயும் ஸ்ட்ரைக்கரும் நேருக்கு நேர் சந்திக்காது. கதவை மெதுவாக மூடி, கடைசி இரண்டு விரல் இடைவெளியில் நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்ட்ரைக்கர் லாட்ச்சின் வாய்க்கு நடுவில் வருகிறதா, மேலே இடிக்கிறதா? ஸ்ட்ரைக்கரின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் அங்கேதான் உரசுகிறது என்று அர்த்தம்.

கீழ்த் தண்டவாளத்தில் மண், கல், முறுக்குத் துண்டு, கோயில் பிரசாதம் எல்லாம் கிடக்கும். பிரஷ்ஷால் கூட்டி, துணியால் துடைத்துவிட்டு மறுபடி மூடிப் பாருங்கள். பல கதவுகள் இதிலேயே சரியாகிவிடும். தண்டவாளத்தில் கட்டியாக கிரீஸ் அப்பாதீர்கள், அடுத்த வாரமே மண் ஒட்டி உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். லேசாகத் தடவினால் போதும்.

கதவு மூடும்போது இரண்டு "டிக்" கேட்க வேண்டும் என்பதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லுங்கள். ஒரு டிக் மட்டும் கேட்டால் கதவு பாதிதான் பிடித்திருக்கிறது.

4. வெளியில் வாங்கிப் போட்ட சென்ட்ரல் லாக் இருந்தால்

பல ஆம்னிகளில் முந்தைய உரிமையாளர் கடையில் சென்ட்ரல் லாக் போட்டிருப்பார். கதவுக்குள் ஒரு சின்ன மோட்டார் ராடைத் தள்ளும், இழுக்கும். டிரைவர் கதவில் இருப்பது பொதுவாக ஐந்து வயர் கொண்ட மாஸ்டர், மற்ற கதவுகளில் இரண்டு வயர்.

முதலில் மோட்டாரின் ராடைக் கழற்றிவிட்டு (கதவைப் பிரிக்கும் முறை ஏழாம் படியில் இருக்கிறது) கையால் பூட்டிப் பாருங்கள். கையால் சுலபமாகப் பூட்டுகிறது என்றால் பூட்டு நல்லது, மின் பக்கம்தான் கோளாறு. எல்லாக் கதவும் வேலை செய்யவில்லை என்றால் ஃப்யூஸைப் பாருங்கள். ஒரு கதவு மட்டும் செய்யவில்லை என்றால், கதவுக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் போகும் வயரைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான முறை மடங்கி மடங்கி, மேலே உறை நன்றாக இருக்க உள்ளே செம்பு அறுந்திருக்கும். கையாலேயே பூட்டுவதற்குக் கடினமாக இருந்தால், புது மோட்டார் வாங்கி மாட்டினாலும் அது சீக்கிரமே போய்விடும். முதலில் லாட்ச்சைச் சுத்தம் செய்யுங்கள்.

5. வாங்கும் முன் சுத்தம் செய்து பாருங்கள்

லாட்ச் மந்தமாக இருந்தால் மாற்றுவதற்கு முன் ஒரு வாய்ப்பு கொடுக்கலாம். டபிள்யூ.டி. 40 போன்ற ஸ்ப்ரேயை லாட்ச்சின் வாய்க்குள் நன்றாக அடித்து, ஸ்க்ரூடிரைவரால் பலமுறை அழுத்தி விடுவியுங்கள். கறுப்பாக வழியும், துணியால் துடையுங்கள். காய்ந்த பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம் வையுங்கள். அந்த ஸ்ப்ரே அழுக்கைக் கரைக்கத்தான் நல்லது, நாள்பட்ட மசகு வேலைக்கு உதவாது. அதை அடித்துவிட்டு அப்படியே விட்டால் கொஞ்ச நாளில் பழைய கதைதான்.

சாவித் துவாரத்துக்குள் கிரீஸோ எண்ணெயோ விடாதீர்கள். முக்கியமாகத் தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நம் வீடுகளில் எதற்கும் அதைத்தான் எடுக்கிறோம், ஆனால் அது தூசியைப் பிடித்துக் களிம்பாகும், மார்கழிக் குளிரில் உள்ளேயே உறையும். கிராஃபைட் பவுடர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், அதைக் கொஞ்சம் ஊதிச் சாவியை உள்ளே வெளியே ஆட்டுங்கள்.

6. பொருள், விலை, நேரம்

நான் விசாரித்து வாங்கிய அளவில் விலைகள் ஏறக்குறைய இப்படி. ராடு கிளிப் பத்து, இருபது ரூபாய்தான். வெளி ஹேண்டில் 150 முதல் 300 வரை. முன்கதவு லாட்ச் 400 முதல் 800 வரை. சாவியோடு முழு லாக் செட் 1,000 முதல் 2,000 வரை. ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கடைசி வரை பேரம் உண்டு. மெக்கானிக் கூலி ஒரு கதவுக்கு 300 முதல் 500 வரை கேட்கிறார்கள். பொருள் விலையையும் கூலியையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரு தொகை சொல்பவரிடம் எந்த பாகத்தை மாற்றினார் என்பதே உங்களுக்குத் தெரியாது.

சென்னையில் என்றால் புதுப் பாகங்களுக்கு ஜி.பி. ரோடு, பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை. கடைக்குப் போகும்போது ஆர்.சி.யின் படமும், கழற்றிய பழைய பாகமும் கையில் இருக்கட்டும். ஆம்னி பல வருடங்கள் விற்ற வண்டி, இடையிடையே பாகங்கள் மாறியிருக்கின்றன. வருடத்தை மட்டும் சொல்லி வாங்காமல் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, ஸ்க்ரூ ஓட்டைகளும் ராடு மாட்டும் இடங்களும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டிரைவர் பக்கமா கிளீனர் பக்கமா என்பதையும் சொல்ல வேண்டும், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

பழைய பாகம் வாங்கினால் லாட்ச்சை ராடு, ஸ்ட்ரைக்கரோடு சேர்த்துக் கேளுங்கள். சாவி இல்லாத பழைய சிலிண்டரை வாங்காதீர்கள். எதற்கும் பில் கேளுங்கள், திருட்டு வண்டியின் பாகம் உங்கள் கதவில் இருக்க வேண்டாம்.

முதல்முறை செய்பவருக்கு ஒரு கதவுக்கு அரை நாள் ஒதுக்குவது நல்லது. வார நாளில் காலையில் ஆரம்பியுங்கள். ஞாயிறு மாலை கதவைப் பிரித்துவிட்டு ஒரு கிளிப் உடைந்தால், கடை திறக்கும் வரை பூட்டாத வண்டிக்குக் காவல் இருக்க வேண்டியதுதான். வடகிழக்குப் பருவமழை வருவதற்கு முன், அதாவது செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள்.

7. கழற்றி மாட்டும் வரிசை

கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றுங்கள். சென்ட்ரல் லாக் இருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள்.

கண்ணாடி ஏற்றும் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு கம்பி கிளிப் இருக்கும். ஒரு துணியைக் கைப்பிடிக்கும் டோர் பேடுக்கும் (கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் அட்டை) நடுவே நுழைத்து இருபுறமும் இழுத்தால் கிளிப் தெறித்து வெளியே வரும். எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். பிறகு உள் ஹேண்டிலைச் சுற்றியுள்ள மூடி, கைப்பிடி ஸ்க்ரூக்கள், கடைசியாக டோர் பேட். பேடை நடுவில் பிடித்து இழுக்காதீர்கள், பழைய அட்டை கிழிந்துவிடும். கிளிப் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நெம்புங்கள்.

உள்ளே ஒரு பாலித்தீன் ஷீட் ஒட்டியிருக்கும். அதைக் கிழிக்காமல் உரியுங்கள், திரும்ப ஒட்டியே ஆக வேண்டும். கண்ணாடி வழியே இறங்கும் மழைத்தண்ணீர் வண்டிக்குள் வராமல் தடுப்பது அதுதான். பல மெக்கானிக்குகள் அதைக் கிழித்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் பேட் ஊறி உப்பும், காலடி மேட் எப்போதும் ஈரமாக இருக்கும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்தி விடுங்கள். உள்ளே தேங்கும் தண்ணீர்தான் லாட்ச்சைத் துருப்பிடிக்க வைக்கிறது.

எந்த ராடையும் கழற்றும் முன் போனில் படம் எடுங்கள், இரண்டு மூன்று கோணத்தில். ராடைக் கிளிப்பிலிருந்து நேராக இழுக்கக் கூடாது. முதலில் கிளிப்பைச் சுழற்றி ராடிலிருந்து விலக்கி, பிறகு ராடைப் பக்கவாட்டில் எடுக்க வேண்டும்.

லாட்ச்சைப் பிடித்திருக்கும் பெரிய ஸ்டார் ஸ்க்ரூக்கள் கதவின் ஓரத்தில் இருக்கின்றன. அனுபவமில்லாதவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். சின்ன ஸ்க்ரூடிரைவரால் திருகினால் தலை வழித்துவிடும், பிறகு டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். முந்தின நாள் இரவே துருநீக்கி ஸ்ப்ரே அடித்து வையுங்கள். மூன்றாம் நம்பர் பிட்டோடு இம்பாக்ட் டிரைவரை வைத்துச் சுத்தியலால் அடித்துத் திருகுங்கள். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் அந்த மூன்று ஸ்க்ரூவை மட்டும் தளர்த்திக் கொடுப்பார்கள்.

புது லாட்ச்சை மாட்டி ராடுகளை இணைத்ததும், கதவைச் சாத்தாமலே இரண்டாம் படியில் சொன்ன ஸ்க்ரூடிரைவர் சோதனையை முழுக்கச் செய்யுங்கள். வெளி ஹேண்டில், உள் ஹேண்டில், சாவி, உள் குமிழ், எல்லாம். இதைச் செய்யாமல் கதவைச் சாத்தி, ராடு மாட்டாமல் விட்டிருந்தால் கதவு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கதவு மூடியிருக்கும்போது லாட்ச்சின் ஸ்க்ரூக்கள் கைக்கு எட்டாது. அப்படிச் சிக்கிவிட்டால் மற்ற கதவு வழியே உள்ளே போய், பேடை எடுத்துவிட்டு, லாட்ச்சுக்குப் போகும் ராடைப் பிளையரால் இழுத்துத் திறக்க வேண்டும்.

ஸ்ட்ரைக்கரை நகர்த்துவதானால் அதன் இப்போதைய இடத்தைச் சுற்றி பென்சிலால் கோடு போடுங்கள். ஸ்க்ரூக்களைத் தளர்த்தினால் போதும், இரண்டையும் ஒரே நேரத்தில் முழுக்கக் கழற்ற வேண்டாம். பின்னால் உள்ள தகடு உள்ளே நகர்ந்துவிட்டால் பிடிப்பது சிரமம். ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி, இறுக்கி, மூடிப் பாருங்கள். கதவு பாடியோடு சமமாக நிற்கும் வரை மறுபடி மறுபடி.

8. சிலிண்டர் மாற்றுவதா, பழைய சாவிக்கே பொருத்துவதா?

ஒரு கதவின் சிலிண்டரை மட்டும் புதிதாகப் போட்டால் கதவுக்கு ஒரு சாவி, இக்னிஷனுக்கு ஒரு சாவி என்று ஆகிவிடும். முழு செட் வாங்கினால் ஒரே சாவி, ஆனால் இக்னிஷன் பூட்டையும் மாற்ற வேண்டும். அதன் போல்ட்டுகள் இறுக்கும்போதே தலை முறிந்துவிடும் வகை, திருட்டைத் தடுக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். அதை எடுப்பது வீட்டு வேலை இல்லை, கூலி தனியாக ஆகும்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. சிலிண்டருக்குள் சின்னச் சின்னத் தகடுகள்தான் சாவியின் பற்களுக்கு ஏற்ப அடுக்கியிருக்கின்றன. நல்ல சாவிக்காரர் புதுச் சிலிண்டரைப் பிரித்து, அந்தத் தகடுகளை மாற்றி அடுக்கி, உங்கள் பழைய இக்னிஷன் சாவிக்கே பொருந்தும்படி செய்துவிடுவார். சில நூறு ரூபாயில் வேலை முடியும். இக்னிஷன் நன்றாக இருக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

9. காகிதங்கள்

சாவி தொலைந்திருந்தால், பூட்டை மாற்றுவதற்கு முன் காவல் நிலையத்தில் புகார் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நேர்மையான சாவிக்காரர் ஆர்.சி.யும் அடையாள அட்டையும் கேட்பார், இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். கேட்காமலே கார் சாவி செய்து தருபவரிடம் கொடுக்காதீர்கள். பூட்டு சரியில்லாத வண்டிக்குள் ஆர்.சி.யை வைத்து அது தொலைந்திருந்தால், போலீஸ் ரசீதோடு படிவம் 26-ல் நகல் ஆர்.சி.க்கு விண்ணப்பிக்க வேண்டும்.

தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் பூட்டுக்கு எதுவும் கிடைக்காது. முழு இன்சூரன்ஸ் இருந்தாலும் தேய்மானத்துக்குக் கிடைக்காது. யாராவது பூட்டை உடைத்திருந்தால் கேட்கலாம், ஆனால் பழுது பார்க்கும் முன் படம் எடுத்து, போலீஸுக்கும் இன்சூரன்ஸுக்கும் தகவல் சொல்லியிருக்க வேண்டும்.

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம்தான். பிறகு படிவம் 25-ல் புதுப்பித்தால் ஐந்து வருடம் நீளும், காலாவதியாவதற்கு 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். வண்டியை ஆய்வுக்கு நேரில் கொண்டுபோக வேண்டும். திறக்காத கதவோடும் ஆடும் ஸ்லைடிங் கதவோடும் அங்கே போய் நிற்காதீர்கள். பூட்டு வேலையை அந்த 60 நாளுக்குள் முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டு மாற்றிய பிறகு பழைய சாவிகளைத் தூக்கிப் போடாதீர்கள். வண்டியே திருட்டுப் போனால் இன்சூரன்ஸ் கம்பெனி வண்டியோடு வந்த எல்லாச் சாவிகளையும் கேட்கும். நீங்கள் கொடுக்கும் சாவி புதிதாக இருந்தால் ஏன் என்று கேள்வி வரும், க்ளெய்ம் இழுபடும். மாற்றிய தேதியோடு பில், சி.எஸ்.ஆர். ரசீது இருந்தால் அதுவும், பழைய சாவிகள், எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வண்டிக்கு வெளியே, வீட்டில் வையுங்கள். கம்பெனிக்கு இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சலும் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.